முதல் பச்சை இகுவானா கரையேறும்போது: தீவின் சொந்த ஊர்வனவற்றைக் காக்க முழுமையான வழிகாட்டி

கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில், அங்குவிலாவிலிருந்து மார்ட்டினிக் வரை வளைந்து கிடக்கும் சிறு அண்டிலீஸ் தீவுகளில் மட்டும் வாழும் ஓர் இகுவானா இனம் உண்டு. இலை, பூ, பழம் தின்று மரங்களில் வாழும் இந்தச் சிறு அண்டிலீஸ் இகுவானாவைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆன்டிகுவா, பார்புடா, செயின்ட் கிட்ஸ், நெவிஸ், செயின்ட் மார்ட்டின் ஆகிய தீவுகளில் அது ஏற்கெனவே அழிந்துவிட்டது. டொமினிக்கா, செயின்ட் பார்த்தெலமி, சின்ட் யூஸ்டேஷியஸ், லா தேசிராட், குவாதலூப்பையொட்டிய பெத்தித் தேர் தீவுத்துண்டுகள், மார்ட்டினிக்கின் சில பகுதிகள், அங்குவிலாவின் ஒரு சிறுதீவு என்று விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில்தான் எஞ்சியிருக்கிறது.

நாய், பூனை, ஆடு, வாகனங்கள், காடழிப்பு என்று இதன் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் இருந்தாலும், கடந்த சில பத்தாண்டுகளில் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிய காரணம் தென், நடு அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து வந்து சேர்ந்த பச்சை இகுவானாவே. அது இந்த இகுவானாவைத் தின்பதில்லை. பெரிதாகக் கடித்துக் கொல்வதும் இல்லை. அதனோடு இணைசேர்கிறது. சில தலைமுறைகளில் தீவின் சொந்த இனம் கலப்பினக் கூட்டத்துக்குள் கரைந்து மறைகிறது. மரங்களில் இகுவானாக்கள் நிறையவே தென்படுவதால், இழப்பு நடந்துகொண்டிருப்பது பார்ப்பவர் கண்ணுக்குப் படுவதே இல்லை.

இந்த வழிகாட்டி தீவுகளில் பாதுகாப்புப் பணி செய்வோரையும், துறைமுக, வேளாண் தனிமைப்படுத்தல் அலுவலர்களையும், உயிரியல் மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிறு அண்டிலீஸ் தீவுகளின் அனுபவமே இதற்கு அடிப்படை. படிகளின் வரிசையை மாற்றாதிருப்பது நல்லது; குறிப்பாக முதல் மூன்று படிகள் அயல் விலங்கு வந்து சேர்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை.

படி 1: எது சொந்தம், எது அயல் என்பதைத் தீவு தீவாக வரையறுத்தல்

பச்சை இகுவானா என்ற பெயரைக் கேட்டவுடன் கம்பைத் தூக்குவது ஆபத்தானது. செயின்ட் லூசியாவின் வடகிழக்குக் கரையில் மூக்கின்மேல் கொம்பு போன்ற செதில்கள் கொண்ட இகுவானா கூட்டம் ஒன்று வாழ்கிறது. அது அத்தீவுக்கே உரியது. கிரெனடின் தீவுகளுக்கும் அப்படியொரு சொந்த வகை உண்டு. இவ்விரண்டையும் ஆய்வாளர்கள் 2019-இல் தனித் துணையினங்களாக விவரித்தனர். சேபா, மொன்செராட் தீவுகளில் வயது ஏற ஏறக் கறுத்துப்போகும் இகுவானாவோ 2020-இல் தனி இனமாகவே விவரிக்கப்பட்டது. இவை அனைத்தும் பச்சை இகுவானாவின் நெருங்கிய உறவுகள். ஆயினும் அந்தந்தத் தீவின் சொந்தச் சொத்துகள். செயின்ட் லூசியாவின் தென்மேற்கிலுள்ள சூஃப்ரியேர் பகுதியில், வளர்ப்பிடத்திலிருந்து தப்பிய அயல் பச்சை இகுவானாக்கள் பெருகியிருக்கின்றன. ஆக, ஒரே தீவின் ஒரு முனையில் காக்க வேண்டிய இகுவானாவும் மறுமுனையில் அகற்ற வேண்டிய இகுவானாவும் இருக்கின்றன.

எனவே முதல் வேலை அடிப்படைப் பதிவு. தீவின் எந்தெந்தப் பகுதியில் சொந்த இனம் வாழ்கிறது, தோராயமாக எத்தனை, முட்டையிடும் மணற்பகுதிகள் எங்கே என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். பிடித்து விடப்படும் ஒவ்வொரு விலங்குக்கும் தோலடியில் மைக்ரோசிப் பொருத்தி, தலையின் இருபக்கமும் முழு உடலும் தெரியும் ஒளிப்படங்கள் எடுத்து, சிறிதளவு இரத்தத்தையோ வால்நுனித் திசுவையோ சேமித்து வைக்க வேண்டும். இந்த மாதிரிகளின் அருமை இன்று தெரியாது. கலப்பு தொடங்கியபின் ‘தூய’ இனத்தின் மரபணு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுக் காட்ட வேறு எந்தச் சான்றும் கிடைக்காது என்பதால், எனது கணிப்பில் இந்த முழுப் பணியிலும் செலவிடும் பணத்துக்கு மிக அதிகப் பயன் தருவது இந்தப் பகுதியே.

படி 2: ஆபத்து எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளல்

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். சிறு அண்டிலீஸ் இகுவானா ஒரு பருவத்தில் இடும் முட்டைகள் பெரும்பாலும் 20-ஐத் தாண்டுவதில்லை. பச்சை இகுவானாவின் பெண், உடல் பருமனுக்கேற்ப 20 முதல் 70 வரை இடும். இரண்டும் ஆண்டுக்கொருமுறை முட்டையிடுபவை. முட்டை பொரிய ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். வேறெந்தப் போட்டியும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஒரே மணற்பரப்பில் ஆண்டுதோறும் இவ்விரண்டும் முட்டையிட்டால் பத்தாண்டுகளில் எது பெருகியிருக்கும் என்பதைக் கணக்கிடக் கடினமில்லை.

அடுத்தது கலப்பு. பச்சை இகுவானாவின் ஆண் உடலில் பெரியது. தீவு இகுவானாவின் ஆணை விரட்டிவிட்டு அதன் பெண்களோடு சேர்ந்துவிடும். பிறக்கும் கலப்பினக் குட்டிகள் மலடாக இருந்திருந்தால் சிக்கல் ஓரளவோடு நின்றிருக்கும். அவை நன்றாக இனப்பெருக்கம் செய்கின்றன. தமக்குள்ளும், இரு பெற்றோர் இனங்களோடும் சேர்கின்றன. குவாதலூப்புக்குத் தெற்கே உள்ள லெ செய்ந்த் தீவுகளிலும், குவாதலூப்பின் பாஸ்-தேர் பகுதியிலும் சொந்த இனம் இந்த வழியாகத்தான் கரைந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து 1850-களில் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் தீவு குவாதலூப். அவர்களுடைய முன்னோர் வந்திறங்கிய காலத்து இகுவானாவை இன்று அந்த நிலப்பகுதியில் தேடிக் காண இயலாது.

மூன்றாவதாக நோய். செயின்ட் பார்த்தெலமி தீவில் தீவு இகுவானாக்களின் தோலில் தடித்த புண்களை உண்டாக்கும் டெவ்ரீசியா அகமாரம் என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டு 2017-இல் அறிவிக்கப்பட்டது. வளர்ப்பு ஊர்வனவற்றில் முன்பே அறியப்பட்ட கிருமி அது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பல்லி வகையும் தன் உடலில் எதைச் சுமந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், பிடிபட்ட அயல் விலங்கை உள்ளூர் விலங்கோடு ஒரே கூண்டில், ஒரே கையுறையால், ஒரே துணிப்பையில் கையாளக் கூடாது.

எல்லாத் தீவுகளிலும் ஆபத்து இதே வழியில் வருவதில்லை. மொரீசியஸில் நம் வீட்டுச் சுவர்களில் ஓடும் சாதாரண வீட்டுப்பல்லியே ஆக்கிரமிப்பாளர். அத்தீவுக்கு உரிய இரவுப் பல்லிகளை மறைவிடங்களிலிருந்து விரட்டியும், காயப்படுத்தியும், குஞ்சுகளைத் தின்றும் பெருந்தீவிலிருந்தே அது அப்புறப்படுத்திவிட்டது. நாக்டஸ் எனப்படும் அந்த இரவுப் பல்லி இனங்கள் இன்று சுற்றியுள்ள சிறுதீவுகளில் மட்டுமே உள்ளன. நம் வேலியோர ஓணானும் மொரீசியஸ், ரியூனியன் தீவுகளில் குடியேறிய அயலான்தான். தன் ஊரில் யாருக்கும் தொல்லை தராத ஓர் உயிர், தன்னோடு சேர்ந்து பரிணமிக்காத உயிர்களுக்கு நடுவே சென்று விழும்போது என்ன செய்யும் என்பதை அதன் சொந்த ஊர் நடத்தையைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே உங்கள் தீவில் உள்ள ஆபத்து கலப்பா, போட்டியா, இரையாதலா, நோயா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பின்வரும் படிகளில் எதற்கு அழுத்தம் தருவது என்பது அதைப் பொறுத்தது.

படி 3: வரும் வழிகளை அடைத்தல்

1995 செப்டம்பரில் லூயிஸ் புயல் சிறு அண்டிலீஸ் தீவுகளைச் சூறையாடியது. அடுத்த மாதத் தொடக்கத்தில் அங்குவிலாவின் கிழக்குக் கரையில், வேரோடு சாய்ந்த மரங்களும் கட்டைகளும் பின்னிய பெரிய மிதவைகள் ஒதுங்கின; அவற்றின்மேல் குறைந்தது 15 பச்சை இகுவானாக்கள் இருந்ததை மீனவர்கள் கண்டனர். முதுகெலும்பிகள் கடலில் மிதந்து சென்று தீவுகளில் குடியேற முடியும் என்ற நீண்டகாலக் கருதுகோளுக்கு நேரடிச் சான்று கிடைத்ததென்று 1998-இல் நேச்சர் இதழ் அதை வெளியிட்டது. அறிவியல் உலகம் மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அந்த மிதவைகள் புறப்பட்டதாகக் கருதப்படும் குவாதலூப்பில் பச்சை இகுவானாவைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மனிதர்கள்; புயல் செய்தது கடைசிக் கட்டப் பயணத்தை மட்டும்தான். அந்தக் கரையில் இறங்கியவற்றின் வழிவந்தவை அங்குவிலாவின் பெருநிலத்தில் பரவி, சொந்த இகுவானாவை ஏறத்தாழத் துடைத்துவிட்டன.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: புயல் ஓய்ந்த நாளிலிருந்து சில வாரங்களுக்கு, காற்றின் திசைக்கு நேரான கரைகளைத் தினமும் நடந்து பார்க்க ஆட்களை முன்கூட்டியே அமர்த்தி வைக்க வேண்டும். ஒதுங்கிய மரக்குவியல்களைப் புரட்டிப் பார்த்து, ஐயத்துக்குரியவற்றை அங்கேயே பிடித்துவிட வேண்டும்.

புயலைவிட ஆபத்தானது புயலுக்குப் பிந்தைய கப்பல். 2017 செப்டம்பர் 18 அன்று மரியா புயல் டொமினிக்காவைத் தாக்கியபோது, வீடு, மின்சாரம், சாலை என எதுவும் எஞ்சாத நாட்டுக்கு அக்கம்பக்கத் தீவுகளிலிருந்து கூரைத் தகடுகளும் மரச்சட்டங்களும் உணவும் கன்டெய்னர் கன்டெய்னராக வந்து இறங்கின. அந்த நேரத்தில் சரக்கை நிறுத்தி வைத்துச் சோதிக்கும் மனம் யாருக்கு வரும்? சிறு அண்டிலீஸ் இகுவானாவின் மிகப் பெரிய கூட்டம் வாழும் அந்தத் தீவில் 2018-இல் அயல் பச்சை இகுவானாக்கள் கண்டறியப்பட்டன. நிவாரணச் சரக்கோடு வந்தன என்பதே ஆய்வாளர்களின் முடிவு. பேரிடர் மேலாண்மைத் திட்டத்திலேயே, சரக்கு ஏற்றப்படும் துறைமுகத்தில் சோதனை நடக்க வேண்டும் என்ற விதியை எழுதிச் சேர்க்க வேண்டும். இறங்கும் துறைமுகத்தில் பசித்த மக்கள் காத்திருப்பார்கள். அங்கே சோதனையைத் தொடங்குவது நடக்கிற காரியமில்லை.

எந்தத் துறைமுகங்கள் ஆபத்தானவை என்பதும் தெரிந்ததுதான். செயின்ட் மார்ட்டினில் பச்சை இகுவானாக்கள் நிறைந்திருக்கின்றன. செயின்ட் பார்த்தெலமிக்கும் சின்ட் யூஸ்டேஷியஸுக்கும் சரக்கு அங்கிருந்துதான் பெரும்பாலும் செல்கிறது. மார்ட்டினிக்கின் ஃபோர்-த-பிரான்ஸ் நகரில் 1960-களிலேயே அவை கொண்டுவரப்பட்டன. பாலெட் என்னும் சரக்கடுக்கும் மரத்தட்டு, மரக்கட்டை, செடித் தொட்டி, பழைய வாகனத்தின் எஞ்சின் அறை, கட்டுமான இயந்திரத்தின் இடுக்குகள் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. நாற்றுப்பண்ணைச் செடிகளின் தொட்டி மண்ணில் முட்டைகளே இருக்கக்கூடும் என்பதால், மண்ணோடு வரும் பெரிய செடிகளைத் தடை செய்வது நல்லது.

செல்லப்பிராணி வணிகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அதைத் தடை செய்ய வேண்டும். குட்டியாக வாங்கப்பட்டு ஒன்றரை மீட்டருக்கு மேல் வளர்ந்து நிற்கும் விலங்கை எங்கேனும் ஒரு மரத்தில் விட்டுவிட்டு வருவது உலகெங்கும் நடப்பது.

படி 4: நேரில் அடையாளம் காணல்

நிறத்தை நம்பக் கூடாது என்பதே முதல் விதி. இரு இனங்களின் குட்டிகளும் பளிச்சென்ற பச்சையாகவே இருக்கும். தீவு இகுவானாவின் ஆண் வளர வளரச் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. இனப்பெருக்கப் பருவத்தில் வலிய ஆண்களின் தாடையும் தலைச்செதில்களும் இளஞ்சிவப்பாகத் தோன்றும். பச்சை இகுவானாவின் முதிர்ந்த ஆண்களும் பச்சையாகவே இருப்பதில்லை. பழுப்பு, சாம்பல், செம்மஞ்சள் என்று மாறும்.

நம்பத்தக்க அடையாளம் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. பச்சை இகுவானாவின் செவிப்பறைக்குக் கீழே, தாடை முடியும் இடத்தில், நாணயம் அளவுக்குப் பெரிய வட்டச் செதில் ஒன்று தனித்துத் தெரியும். தீவு இகுவானாவில் அந்த இடத்தில் பெரிய செதில் கிடையாது. தாடையை ஒட்டிச் சற்றே பெரிய செதில்கள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். அடுத்துப் பார்க்க வேண்டியது வால்: பச்சை இகுவானாவின் வாலில் கருமையான பட்டைகள் வளையம் வளையமாக ஓடும், தீவு இகுவானாவின் வால் ஒரே நிறமாக இருக்கும். கழுத்தின் பக்கங்களில் பச்சை இகுவானாவுக்குக் கூம்பு வடிவப் புடைச்செதில்கள் சிதறிக் கிடக்கும்; மற்றதற்கு அவை இல்லை. தாடைத் தொங்கலின் முன்விளிம்பில் உள்ள முட்களையும் நோக்க வேண்டும். தீவு இகுவானாவில் அவை குறைவு, மேற்பாதியோடு நின்றுவிடும்; பச்சை இகுவானாவில் கீழ்ப்பாதிக்கும் இறங்கும்.

கலப்பினத்தில் இந்த அடையாளங்கள் குழம்பிக் கிடக்கும். செவிக்குக் கீழே செதில் இருக்கும், ஆனால் நடுத்தர அளவில். வாலில் பட்டை இருக்கும், ஆனால் மங்கலாக. முதல் தலைமுறைக் கலப்பினத்தைப் பழகிய கண் பெரும்பாலும் பிடித்துவிடும். தீவு இகுவானாவோடு மீண்டும் மீண்டும் சேர்ந்து பிறந்த பிற்காலத் தலைமுறைகளைக் கண் பிடிக்காது. அங்கே ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மைட்டோகாண்டிரியா மரபணுவை மட்டும் படித்தால் தாய்வழி மட்டுமே தெரியும்; தாய் தீவு இகுவானாவாகவும் தந்தை பச்சை இகுவானாவாகவும் இருந்தால், அந்தக் கலப்பினம் தூய தீவு இகுவானா என்று தவறாக அறிக்கை வந்துவிடும். ஆகவே இருவழி மரபையும் காட்டும் மைக்ரோசாட்டலைட் போன்ற உட்கருக் குறியீடுகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

படி 5: முதல் தகவல் வந்த நாளில் செய்ய வேண்டியவை

தகவல் பெரும்பாலும் ஆய்வாளரிடமிருந்து வராது. தோட்டக்காரர், டாக்சி ஓட்டுநர், பள்ளி மாணவி, விடுதிப் பணியாளர் ஆகியோரிடமிருந்து வரும். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே: தலையின் பக்கவாட்டும் வாலும் தெரியும்படி ஒரு கைப்பேசிப் படம். படம் வந்த அன்றே, எவரேனும் ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். நிதி ஒப்புதல், துறைக் கடிதம், கூட்டம் என்று காத்திருப்பவர்கள் பிறகு பத்தாண்டுகளுக்குப் பணம் தேட வேண்டியிருக்கும்.

ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக்கொண்டு, விலங்கைப் பிடித்து, பால், உடல் நீளம், எடை ஆகியவற்றைப் பதிவு செய்து, திசு எடுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் வயிற்றில் முட்டை உள்ளதா, அண்மையில் முட்டையிட்டு வயிறு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். முட்டையிட்டுவிட்ட பெண் பிடிபட்டால் வேலை முடியவில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. சுற்றியுள்ள மணற்பாங்கான, வெயில் படும் இடங்கள் அனைத்திலும் தோண்டிய தடயம் தேடி, அடுத்த மூன்று நான்கு மாதங்களுக்குக் குஞ்சுகள் வெளிவரும் வரை அப்பகுதியைக் கண்காணிக்க வேண்டும்.

சின்ட் யூஸ்டேஷியஸில் 2016-இல் இந்தச் சூழ்நிலைதான் ஏற்பட்டது. அயல் பச்சை இகுவானா கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து கலப்பினங்களும் தென்பட்டன. தீவில் சொந்த இகுவானாக்கள் சில நூறுதான் இருந்தன என்பதால், ஒவ்வொரு கலப்பினமும் கணக்கில் பெரிய பங்கு. தேசியப் பூங்கா அறக்கட்டளையின் பணியாளர்களும் ஆய்வாளர்களும் தீவு முழுவதும் தேடி, கண்டவற்றை அகற்றினர். தீவு சிறியது, கண்ணும் காதும் உள்ள ஆட்கள் இருந்தனர் என்பதே அங்கே கைகொடுத்தது.

படி 6: பிடித்தலும் அகற்றலும்

பகலில் இகுவானாவைத் தேடுவது கடினம். இலைகளுக்குள் அசையாமல் கிடந்து, ஆள் நெருங்கினால் மரத்திலிருந்து குதித்துவிடும். இரவில் கிளை நுனிகளில் உறங்கும். டார்ச் வெளிச்சத்தில் வெளிறித் தெரியும் உடலைப் பார்த்துவிடலாம், உறக்கக் கலக்கத்தில் தப்பி ஓடவும் மாட்டா. நீண்ட கம்பின் நுனியில் நழுவும் சுருக்கு கட்டிக் கழுத்தில் மாட்டி இழுப்பதே எளிய, காயமில்லாத முறை. சொந்த இனமும் அயல் இனமும் கலந்து வாழும் இடத்தில் இதைத் தவிர வேறு முறையைக் கையாளக் கூடாது. பிடித்துச் செதிலைப் பார்த்து உறுதி செய்த பிறகே முடிவெடுக்க வேண்டும். சொந்த இனமே இல்லாத பகுதியில், பயிற்சி பெற்றவர்கள் காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம்.

கொல்வதைப் பற்றி நேரடியாகப் பேச வேண்டும். அயல் விலங்கு செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஆகவே வேதனையில்லாத சாவு அதற்கு நாம் தர வேண்டிய கடன். ஊர்வனவற்றின் மூளை உயிர்வளி குறைந்த நிலையிலும் சிறிது நேரம் இயங்கும் என்பதால் தலையை வெட்டுவது மட்டும் போதாது; உறைபெட்டியில் உயிரோடு வைப்பதும் கொடுமை. கால்நடை மருத்துவர் வகுத்துத் தரும் முறையை எழுதி வைத்து, அதில் தேர்ந்தவர் மட்டுமே செய்ய வேண்டும். பிடித்ததை வேறொரு பகுதியில் கொண்டுபோய் விடுவது கருணையாகத் தோன்றும். நடைமுறையில் அது இரண்டாவது ஊடுருவலைத் தொடங்கி வைப்பதாகும்.

சட்டத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். குவாதலூப்பில் ஊர்வனவற்றைக் காக்க 1989-இல் வந்த பிரெஞ்சு ஆணை, சொந்த இகுவானாவோடு அயல் பச்சை இகுவானாவுக்கும் பாதுகாப்பு அளித்தது. இரண்டையும் பிரித்தறியத் தெரியாத பொதுமக்கள் எதையும் கொல்லாதிருக்கட்டும் என்ற எண்ணம் அதில் இருந்திருக்கலாம். விளைவோ, தீவின் சொந்த இனத்தைக் கரைத்துக்கொண்டிருந்த விலங்கைத் தொடவே தயங்க வேண்டியதாயிற்று.

படி 7: கலப்பினங்களை என்ன செய்வது

இங்கேதான் குழுக்கள் பிளவுபடுகின்றன. பாதித் தீவு இகுவானா, அழிந்துவரும் மரபணுவைச் சுமக்கும் விலங்கு, அதைக் கொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தூய கூட்டம் இன்னும் வாழும் தீவில் என் விடை தெளிவானது: ஒவ்வொரு கலப்பினத்தையும் அகற்ற வேண்டும். அதை விட்டுவைத்தால் அது சேரும் ஒவ்வொரு பருவத்திலும் தூய கூட்டம் சுருங்கும்.

தூய கூட்டம் ஒன்றுகூட எஞ்சாத லெ செய்ந்த், பாஸ்-தேர் போன்ற இடங்களில் விடை வேறு. அங்கே தீவு முழுவதையும் துப்புரவாக்க முயல்வது பணத்தைக் கடலில் கொட்டுவதாகும். அந்தப் பணத்தைத் துறைமுகங்களிலும் உல்லாசப் படகுத் துறைகளிலும் அவற்றைச் சுற்றிய வட்டத்திலும் செலவழித்து, அங்கிருந்து அடுத்த தீவுக்கு ஏறும் விலங்குகளைக் குறைப்பதே பயன் தரும். நாட்டின் எல்லைகள் இதற்குத் தடையாக இருக்கின்றன: பிரெஞ்சு, டச்சு, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளும் தனிநாடுகளும் கலந்து கிடக்கும் கடலில், ஏற்றும் துறைமுகம் ஒரு நாட்டிலும் இழக்கும் தீவு மற்றொன்றிலும் இருப்பது வழக்கம்.

படி 8: ஏற்கெனவே பெருகிவிட்ட தீவில்

கிராண்ட் கேமன் தீவில் 1980-களில் வளர்ப்பு விலங்காக வந்து தப்பிய பச்சை இகுவானா பற்றி நீண்டகாலம் யாரும் கவலைப்படவில்லை. 2018-இல் அவற்றின் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் அதிகமெனக் கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அரசு, பதிவு செய்த வேட்டையாளர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து ஒழிப்பைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. எஞ்சியவற்றின் எண்ணிக்கை உயராமல் பிடித்து வைப்பதற்கே தொடர்ந்து செலவாகிறது. அதே தீவின் சொந்த நீல இகுவானா, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டில் 25-க்கும் குறைவாகச் சுருங்கி, கூண்டில் இனப்பெருக்கம் செய்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் காட்டில் விடும் அளவுக்கு மீட்கப்பட்ட விலங்கு. வேறு பேரினத்தைச் சேர்ந்ததால் அது பச்சை இகுவானாவோடு எளிதில் கலக்காது என்று கருதப்பட்டது. ஆனால் பக்கத்துத் தீவான லிட்டில் கேமனில், நீல இகுவானாவின் நெருங்கிய உறவான பாறை இகுவானாவுக்கும் பச்சை இகுவானாவுக்கும் பிறந்த கலப்புக் குஞ்சுகள் மரபணுச் சோதனையில் உறுதியாயின. பேரின வேறுபாட்டைப் பாதுகாப்புச் சுவராக எண்ணித் திட்டமிடக் கூடாது.

பசிபிக்கிலும் இதே கதை தொடங்கியிருக்கிறது. ஃபிஜியின் கமேயா தீவுக்கு 2000-த்தில் கொண்டுவரப்பட்ட பச்சை இகுவானா அக்கம்பக்கத் தீவுகளுக்குப் பரவியுள்ளது; அங்கே காக்க வேண்டியவை பிராக்கிலோஃபஸ் என்ற பட்டை இகுவானாக்கள். பெருகிய தீவில் தொடங்குவோர் முட்டையிடும் பருவத்தில்தான் தம் ஆட்பலத்தைக் குவிக்க வேண்டும். பெண்கள் மரத்திலிருந்து இறங்கித் திறந்த மணலில் கூடுவது அப்போதுதான், முட்டையோடு ஒன்றைப் பிடிப்பது நாற்பது ஐம்பதைப் பிடிப்பதற்கு நிகர்.

படி 9: அடைக்கலத் தீவு ஒன்றைத் தயார் செய்தல்

எல்லாப் படிகளும் சரியாக நடந்தாலும் பெருந்தீவை இழக்கக்கூடும். எனவே மனிதக் குடியிருப்போ சரக்குத் துறையோ இல்லாத சிறுதீவு ஒன்றில் மாற்றுக் கூட்டத்தை உருவாக்குவது கடைசிக் காப்பு. மார்ட்டினிக்கில் சான்செல் தீவுத்துண்டிலிருந்து 2006-இல் சில இகுவானாக்கள் ராமியே என்ற மற்றொரு தீவுத்துண்டுக்கு மாற்றப்பட்டு அங்கே நிலைபெற்றன. அங்குவிலாவில் தேசிய அறக்கட்டளையினர், பெருநிலத்தில் கலப்பினங்களுக்கு நடுவே எஞ்சியிருந்த தூய விலங்குகளைத் தேடிப் பிடித்து, மரபணுச் சோதனையில் தேறியவற்றை மட்டும் பிரிக்லி பேர் ஈஸ்ட் என்ற சிறுதீவுக்குக் கொண்டு சென்றனர்.

தீவைத் தேர்ந்தெடுக்கும்போது எலி, ஆடு, பூனை ஆகியவை இல்லாமை, ஆண்டு முழுவதும் இலை தரும் மரங்கள், முட்டையிட ஆழமான மண், புயலலை ஏறினாலும் மூழ்காத மேட்டுப்பகுதி ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். கொண்டு செல்லும் ஒவ்வொன்றையும் முதலில் தனிமைப்படுத்தித் தோல்நோய்க்குச் சோதிக்க வேண்டும். சில பத்து விலங்குகளிலிருந்து தொடங்கும் கூட்டத்தில் நெருங்கிய உறவுகளே மீண்டும் மீண்டும் சேர்வதால் மரபணு வளம் குன்றும். இதைச் சரிசெய்ய 2021-இல் டொமினிக்காவிலிருந்து பத்து இகுவானாக்கள் பிரிக்லி பேர் ஈஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டன. அப்படி இடம் மாற்றும்போது, அனுப்பும் தீவிலும் அயல் இகுவானா நுழைந்துவிட்டிருப்பதால், அனுப்பப்படும் ஒவ்வொரு விலங்கின் தூய்மையும் உட்கருக் குறியீடுகளால் உறுதி செய்யப்பட வேண்டும்.

அடைக்கலத் தீவுக்கும் கண்காணிப்பு உண்டு. சுற்றுலாப் படகுகள் வந்துபோகும் கரை எதுவோ அங்கிருந்து தேடலைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தேடிய பாதை, நேரம், ஆட்களின் எண்ணிக்கை, கண்ட சொந்த இகுவானாக்கள் ஆகியவற்றோடு, அயல் விலங்கு எதுவும் காணப்படவில்லை என்பதையும் தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும். ஒருநாள் பட்டை வால் ஒன்று தென்பட்டால், அது எந்த இரு சுற்றுகளுக்கு இடையே வந்தது, எந்தப் படகோடு வந்திருக்கலாம் என்று தேடத் தொடங்குவது அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான்.